பதினைந்தாவது ஆள்

2025 ஜூலை 6, ஞாயிறு. காலை 11.40. ஆட்கள்: பதின்மூன்று.

ஓர் அணிக்கு வேண்டியது பதினைந்து. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று இரண்டு முறை எண்ணினேன். பதின்மூன்றுதான். அதில் ஒருவன் நான். என்னை முழு ஆளாக எண்ணுவது எண்ணுகிறவரின் பெருந்தன்மை.

கில்ட்ரோனா கிளப்பின் ஆட்டங்களை ஒருவனாவது ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அவர்கள் வைக்க மாட்டார்கள். போன வருஷம் எத்தனை கோல் அடித்தீர்கள் என்று கேட்டால், "போதுமான அளவு இல்லை" என்கிறார்கள். இது பதிலா?

கில்ட்ரோனா இருப்பது அயர்லாந்தின் மேற்கு ஓரம். சர்ச் ஒன்று, பெட்ரோல் பங்க் ஒன்று, மைதானம் ஒன்று. நான் அம்பாசமுத்திரத்துக்காரன், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு இங்கே பால்பவுடர் ஆலையில் டெக்னீஷியன். ஜோதி அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அக்கா கவுண்டி ஆஸ்பத்திரியில், நம் கணக்கில் மாவட்ட ஆஸ்பத்திரியில், நர்ஸ். அவள் கணவர் செல்சன் அண்ணன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறார். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஆள். அங்கே நடந்த கால்பந்துப் போட்டிகளில் பதினைந்து வருஷம் கோல்கீப்பர்.

பிப்ரவரியில் ஃபெர்கல் கதவைத் தட்டினான். ஆடு வளர்ப்பவன், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், அணியின் மேனேஜர். "இந்த வீட்டில எத்தனை ஆம்பளைங்க?" என்று கேட்டான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று நினைத்து, "ரெண்டு" என்றேன். மறுநாளே இரண்டு ஜெர்ஸியோடு வந்து நின்றான்.

கேலிக் கால்பந்து சுலபம். பந்தைக் கையில் பிடித்து நாலு எட்டு ஓடலாம். அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் தரையில் ஒரு தட்டு, அல்லது கால் நுனியால் தன் கைக்கே ஒரு தட்டு. கோல்கம்பம் ரக்பியில் இருப்பது போல உயரமானது. குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் ஒன்று, கீழே வலைக்குள் அடித்தால் மூன்று. இந்த வருஷம் விதிகளைப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் இரண்டு. முன்பெல்லாம் எல்லோரும் தன் கோலுக்கு முன்னால் போய்க் கும்பலாக நிற்பார்களாம். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்களாம். அதனால் இப்போது எந்நேரமும் மூன்று பேராவது எதிரணியின் பாதியில் நிற்க வேண்டும்.

அந்த மூன்று பேரில் ஒருவன் நான். ஓட வேண்டாம் என்பதால் கிடைத்த பதவி.

அண்ணன் நடுக்களம். உயரத்தில் வரும் பந்தை அவரைப் போலப் பிடிக்க இந்தக் கவுண்டியில் ஆள் இல்லை என்று ஃபெர்கல் சொல்கிறான். உண்மைதான். மேகத்திலிருந்து தேங்காய் பறிப்பது போலப் பறிக்கிறார். நான் இதை ஃபெர்கலிடம் சொல்லப்போய், இப்போது அவருக்குத் தேங்காய்க்காரன் என்றே பெயர்.

நட்பு ஆட்டம்தான், பதின்மூன்று பேரோடே ஆடி இன்று தோற்றோம், ஒன்பது பாயிண்ட் வித்தியாசத்தில். ஜெர்ஸி துவைக்கும் முறை இந்த வாரம் எங்கள் வீடு. இரண்டு சுற்று. சேறு போகவில்லை.

ஜூலை 9, புதன்.

ஆலையில் மூன்றாம் பாக்கிங் லைன் நின்றது. பாதுகாப்புக் கதவின் சென்சார் செத்துவிட்டது. புதிதாக வர ஆறு வாரம். ஷிப்ட் இன்சார்ஜ் பின்னாலேயே நின்று உயிரை எடுத்தான். ஜம்பர் போட்டேன். அதாவது இரண்டு முனைகளைச் சேர்த்து ஒரு கம்பித் துண்டு. கதவு மூடியிருக்கிறது என்று இயந்திரம் நம்பிக்கொள்ளும். இயந்திரத்துக்குக் கதவு முக்கியமில்லை, கதவு மூடியிருக்கிறது என்ற சேதிதான் முக்கியம். நாலு நிமிடத்தில் லைன் ஓடியது.

ஜூலை 12, சனி.

கிளப்பில் கூட்டம். இரண்டு மணி நேரம் வீண்.

பிரச்சினை சின்னது. பதினைந்து பேரை இறக்க முடியாத கிளப் அடுத்த வருஷம் பக்கத்துச் சர்ச்சின் பங்கான பாலிநாரோடு சேர வேண்டும் என்று ஆட்டங்களை நடத்தும் கவுண்டி போர்டு சொல்லிவிட்டது. இங்கே கிளப் என்பது பங்குக்கு ஒன்று. பிறந்த பங்குக்குத்தான் ஆடுவார்கள், சாகும்வரை. யாருக்கும் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானத்தில் இறுதியாட்டம் ஆடுகிறவன்கூட மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறான். இதை ஒரு அமைப்பு என்கிறார்கள். நான் முதலில் நம்பவில்லை.

எழுந்து சொன்னேன். பையன்கள் சிட்னிக்குப் போய்விடுகிறார்கள். பள்ளியில் முதல் வகுப்பில் நாலு பிள்ளைகள். பத்து வருஷம் கழித்து இந்தப் பங்கில் பதினைந்து கால்கள்கூடத் தேறாது. ஒன்று பாலிநாரோடு சேருங்கள், இல்லையென்றால் ஆட்டத்தையே பதின்மூன்று பேர் ஆட்டமாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது வழி கிடையாது.

பிறகு ஒருவர் கேட்டார்: "இந்தப் பையன் வந்து எத்தனை மாசமாச்சு?"

ஃபெர்கல், "ஆறு" என்றான்.

"அப்ப இன்னும் ஒரு முழுக் குளிர்காலம் பாக்கல. உக்காரச் சொல்லு."

சிரித்தார்கள். பதின்மூன்று ஆக்கினால் அடுத்து பதினொன்று ஆக்கச் சொல்வான், அப்புறம் சீட்டாடலாம் என்றார் இன்னொருவர். அதற்கும் சிரித்தார்கள்.

வரும் வழியில் அண்ணனும் அவர்கள் பக்கம்தான்.

"எலே இசக்கி, ரெண்டு பங்கச் சேக்கச் சொல்லுத. ஒனக்குக் கிறுக்கா? எங்க கடப்புறத்துல பங்குக்குப் பங்கு டீமு. ரெண்டையும் சேருங்கன்னு ஒருத்தன் சொன்னா, அவன கடல்ல தூக்கிப் போட்டுட்டுத்தான் அடுத்த பேச்சு."

"அங்க ஆளு இருக்கு அண்ணே. இங்க எங்க இருக்கு?"

"ஆளு வரும். நாம வரலியா?"



ஜூலை 19, சனி.

அக்கா ஊருக்குப் போனாள். நாகர்கோவிலில் அவள் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திரும்ப ஒரு மாதம் ஆகும். விமான நிலையத்தில் என்னிடம் தனியாகச் சொன்னாள்:

"இசக்கி, அவரப் பாத்துக்க. வெளையாட எறங்கினா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது. முட்டி போனா சிரிப்பாரு, பல்லு போனாலும் சிரிப்பாரு. நீ கொஞ்சம் படிச்சவன்."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா."

சாம்பார்ப்பொடி இரண்டு டப்பா வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெரியது காரம், சின்னது காரமில்லாதது.

ஜூலை 27, ஞாயிறு. மாலை 5. ஆட்கள்: பதினைந்து, சரியாக.

ஜெயித்தோம்! சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். இரண்டு பாயிண்ட் வித்தியாசம்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்துக்கு அண்ணன் எகிறும்போது ஒருவனின் முழங்கை அவர் பொட்டில் இறங்கியது. விழுந்தார். கொஞ்ச நேரம் எழவில்லை. ஃபெர்கல் ஓடி வந்து மண்டியிட்டு, "செல், ஸ்கோர் என்ன?" என்று கேட்டான். தலையில் அடிபட்டவனிடம் இதைத்தான் கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஃபெர்கலுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டு பாயிண்ட் பின்னால" என்றார். சரியான பதில். ஆட்டம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு வளைவுக்கு வெளியிலிருந்து இரண்டு முறை அடித்தார். நாலு பாயிண்ட். அவரை வெளியே எடுத்திருந்தால் தோற்றிருப்போம். கணக்கு தெளிவு.

காரில் வரும்போது, "யாருடே செயிச்சது?" என்றார். நக்கல் என்று நினைத்துச் சிரித்தேன். பாலம் தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். கிளப்பில் கொடுத்த சாண்ட்விச்சில் மயோனைஸ் கெட்டிருக்க வேண்டும். நான் அதைச் சாப்பிடவில்லை.

ஜூலை 28, திங்கள்.

பெட்ரோல் பங்க்கில் ஒரு பெரியவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இஸ்ஸி என்றார். பாதிப் பெயர்தான். இந்த ஊரில் முதல் முறை.

ஜூலை 30, புதன்.

ஃபெர்கல் என்னைத் தேர்வுக் குழுவில் சேர்த்துவிட்டான். மூன்று பேர் நிற்க வேண்டும் என்ற விதியை வைத்து நான் போட்டுக்கொடுத்த படம் அவனுக்குப் பிடித்துப்போனது.

அண்ணன் வேலைக்குப் போகவில்லை, வயிறு சரியில்லையாம். படுக்கையறை ஜன்னலில் போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி! கேட்டால், "வெளிச்சம் குத்துது" என்கிறார். ஜூலையில் இங்கே இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கிறது, குத்தத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி.

வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் புகை. அடுப்பில் அரிசி, தண்ணீரே ஊற்றவில்லை. பானை அடி கருகிப்போயிற்று. அண்ணன் அடுத்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே, மணம் அடிக்கலியா?"

"என்ன மணம்?"

மனுஷன் பொறுப்பில்லாமல் ஆகிவிட்டார். அக்கா இருந்தால் ஒழுங்காக இருப்பார். பானையை ஊறப் போட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி.

அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அண்ணன் விளக்கைப் போடாமலே பேசினார்.

"ஏன் இருட்டுல இருக்கிய?"

"பல்பு போயிட்டு."

"இசக்கிகிட்ட சொல்லி மாத்துங்க. அவன் கரண்ட்டு வேலக்காரன்தான."

பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். புருஷன் பெண்டாட்டி பேச்சில் நமக்கென்ன.

ஆகஸ்ட் 5, செவ்வாய்.

பயிற்சியில் அண்ணன் சுலபமான மூன்று பந்துகளை விட்டார். பிறகு வேனில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். ஃபெர்கல் முட்டாள் இல்லை. வேன் கதவைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தான். என்னிடம் வந்தான்.

"அந்த அடி இன்னும் அவன் தலையில இருக்கு. டாக்டர் கடிதம் இல்லாம இறங்கக் கூடாது."

அண்ணன் டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறார். இங்கிருக்கும் ஒரே கிளினிக்கில் அக்கா முன்பு வேலை பார்த்தவள். பத்து நிமிடத்தில் சேதி நாகர்கோவிலுக்குப் போய்விடும்.

இதற்கிடையில் கேப்டன் ஓஷின் சிட்னி விசா வந்துவிட்டது என்று வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். சிட்னியில் கில்ட்ரோனாக்காரர்கள் இங்கிருப்பதைவிட அதிகம் என்று சொல்லிச் சிரித்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எண்ணிக்கை: அண்ணனும் ஓஷினும் இல்லாமல், விடுமுறைக்கு வந்திருக்கும் ஒரு பையனையும் சேர்த்து, பதினாலு. எதிரணி பாலிநார். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றிருப்பார்கள். பாலிநாரிடம் ஆள் இல்லாமல் தோற்று, பிறகு பாலிநாரோடே சேர வேண்டும். ஃபெர்கலுக்கு ஐம்பத்திரண்டு வயது. தானே ஜெர்ஸி போடப் போவதாகச் சொன்னான். போன வருஷம் இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. மாலை 4.

விதிப் புத்தகத்தில் வழி இருக்கிறது. இத்தனை வருஷமாக இவர்களில் ஒருவனும் ஒழுங்காகப் படித்ததில்லை.

ஆட்டத்தைப் பதின்மூன்று பேரோடு தொடங்கலாம். ஆனால் இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் பதினைந்து பேரைக் களத்தில் இறக்கியிருக்க வேண்டும். வெளியேற்றப்பட்டவர்களும் அடிபட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

இறக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நின்று ஆட வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஆகவே: பதினாலு பேரோடு தொடங்குவோம். இரண்டாம் பாதிக்கு அண்ணன் உள்ளே வருவார். எதிரணிப் பாதியில் என் பக்கத்தில் நிற்பார். அங்கே மூன்று பேர் நின்றே ஆக வேண்டும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ரெஃப்ரி பந்தைப் போட்டதும் நான் கையைத் தூக்குவேன். அண்ணன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்து, வெளியே போய்விடுவார். பதினைந்து ஆயிற்று. அவர் தலையை ஒரு பந்தும் தொடாது. மொத்தம் ஒரு நிமிடம்.

ஜம்பர். வேறொன்றுமில்லை.

ஃபெர்கலின் சமையலறையில் சொன்னேன். அவன் தேநீரை ஆற விட்டுவிட்டுக் கேட்டான்.

"ஒரு நிமிஷம்?"

"ஒரு நிமிஷம்."

"நீ கை தூக்கின உடனே நான் அவனை எடுத்துடுவேன். நீ தூக்கலன்னா?"

"ஏன் தூக்க மாட்டேன்?"

அவன் ஜன்னல் வழியாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கடிதம் இல்லாம இறங்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றான். பிறகு, "சரி" என்றான்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் முகத்தில் இரண்டு வாரத்தில் முதல் முறையாக வெளுப்பு மாறியது.

"நான் எறங்குதேன் மக்கா. நான் எறங்காம யாரு எறங்குவா?"

"எறங்கினா போதாது. ஓடக் கூடாது. எகிறக் கூடாது. மரம் மாதிரி நிக்கணும்."

"நிக்கேன் நிக்கேன். மரம்னா மரம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து கேட்டார்: "இசக்கி, ஆட்டம் என்னைக்கு?"

ஆகஸ்ட் 10, ஞாயிறு. மாலை 6.20. ஆஸ்பத்திரி வராந்தா.

ஆட்டத்தைப் பதிந்துவிடுகிறேன். பிறகு மறந்துபோகும்.

முதல் பாதி முடிவில் பாலிநார் ஒன்பது, நாங்கள் ஐந்து. பதினாலு பேரை வைத்துக்கொண்டு இது மோசமில்லை.

இரண்டாம் பாதியில் அண்ணன் வந்தார். கரையிலிருந்து பெரிய சத்தம். பாலிநார்க்காரன் ஒருவன், "ஏய், தேங்காய்க்காரன் வந்துட்டான், ரெண்டு பேரு அவன்கிட்ட நில்லுங்கடா" என்று கத்தினான். இரண்டு பேர் நின்றார்கள். ஒரு பக்கம் ஒருவன், மறுபக்கம் ஒருவன். அண்ணன் அசையவே இல்லை. அப்படியும் இரண்டு பேர்.

நடுக்களத்தில் ஓட்டை விழுந்தது. விழத்தானே செய்யும். அவர்களுடைய பதினைந்தில் இரண்டு பேர் சும்மா நிற்கிற ஒரு மனுஷனுக்குக் காவல். நம் பையன்கள் அந்த இடைவெளியில் புகுந்தார்கள். ஒன்று. ஒன்று. வளைவுக்கு வெளியிலிருந்து ஓர் இரண்டு. பத்து நிமிடத்தில் சமம். நான் போட்ட எந்தப் படமும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

பிறகு பாலிநார் ஒரு பாயிண்ட் முன்னால். கடைசி நிமிடம். நம் கோல்கீப்பர் பந்தை உயரத் தூக்கி எங்கள் பக்கம் அடித்தான். அண்ணன் எகிறினார். பிடித்தார். கீழே வரும்போது, கோலை விட்டு வெளியே ஓடி வந்த பாலிநார் கோல்கீப்பரின் முழங்கால் அவர் தலையில். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. தள்ளினேன். வலைக்குள் போனது.

மூன்று. என் முதல் கோல். இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் வெற்றி.

ஹெலிகாப்டர் மைதானத்திலேயே இறங்கியது. அவரை டப்ளினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நானும் ஃபெர்கலும் காரில் வந்தோம். மூன்று மணி நேரம்.

ஆகஸ்ட் 11, திங்கள்.

மண்டையோட்டைத் திறந்து இரத்தக்கட்டை எடுத்திருக்கிறார்கள். மூச்சு இயந்திரத்தில். தூங்க வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் இளம் பெண், என் வயதுதான் இருக்கும். "இதற்கு முன் தலையில் அடி பட்டதா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

அக்கா கூப்பிட்டாள். அழவில்லை. நர்ஸ் மாதிரி கேட்டாள்.

"விழுந்ததும் மயக்கமா, கொஞ்சம் கழிச்சா? கண்ணு ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சா? இதுக்கு முன்னாடி தலவலின்னு சொன்னாரா? வாந்தி?"

"அக்கா, நெட்வொர்க் சரியில்ல. கேக்கல."

நன்றாகக் கேட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

கிளப்பின் வாட்ஸாப் குழுவில் என் கோலின் வீடியோ. யாரோ ஒருவன் கரையிலிருந்து எடுத்தது. பதினோரு விநாடி. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்.

அந்த டாக்டர் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஸ்கேனைக் காட்டினாள். புதிய இரத்தம் வெள்ளையாகத் தெரியும் என்றாள். பழையது சாம்பல். ஒரு மெல்லிய சாம்பல் பட்டையை விரலால் காட்டினாள்.

"இது ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை. ரெண்டு வாரம் இருக்கும். உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க."

நான் கருவிகளோடு வேலை செய்கிறவன். கருவி சரியாக இருந்தால் அது காட்டுவதோடு சண்டை போட முடியாது. திரையையே பார்த்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. "அவருடைய மனைவி என்றைக்கு வருகிறார்?" என்றாள். "வெள்ளிக்கிழமை" என்றேன்.

பிற்பகலில் ஃபெர்கல் வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனைப் பார்த்தபடி சொன்னான்.

"நேத்து கூட்டம் போட்டோம். பாலிநாரோட சேர்றதா முடிவு. நான்தான் முன்மொழிஞ்சேன். யாரும் எதிர்க்கல."

"ஜெயிச்சோமே! சேர வேண்டிய அவசியமே இல்லையே."

"அடுத்த ஆட்டத்துக்கு யாரும் வர மாட்டேங்கறாங்க, இஸ்ஸி. நானும் மாட்டேன். அடுத்த வருஷம் பாலிநார்லயே பதிமூணு பேர்தான் தேறுவான். நம்மகிட்ட பதினொண்ணு. சேர்ந்தா ஒரு நல்ல அணி. நீ ஜூலையிலேயே சொன்னது."

இருபத்து நாலு. ஜூலையில் நான் சொன்ன வழிதான். அன்றைக்கே கேட்டிருந்தால் யாரும் யாருக்காகவும் பதினைந்தாவது ஆளாக நிற்க வேண்டியிருந்திருக்காது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"இரண்டாம் பாதி முழுக்க நான் உன் கையத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"நீ கூப்பிட்டிருக்கலாமே."

"ஆமா. நானும் ஸ்கோர் பாத்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனா உன் கைதான் ஏற்பாடு."

வீடியோவை முழுசாகப் பார்த்தேன். பந்து வலைக்குள் போகிறது. எனக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி அண்ணன் கிடக்கிறார், ஒரு கால் மட்டும் உதறுகிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது கை மேலே தூக்கியிருக்கிறது. நேராக, முழு நீளத்துக்கு.

கரையில் எல்லோரும் கத்துகிறார்கள். ஃபெர்கல் மட்டும் உள்ளே ஓடி வருகிறான். கை தூக்கியதைப் பார்த்து.

ஆகஸ்ட் 14, வியாழன். காலை 10.

மயக்க மருந்தைச் சனிக்கிழமை குறைப்பார்கள். கண் திறந்தால் யாரைத் தெரியும், எதைத் தெரியும் என்று இப்போது சொல்ல முடியாதாம். கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கைகள். விரல்கள் லேசாக வளைந்து, எதையோ பிடிக்கப் போவது போலவே இருக்கின்றன.

அக்காவின் விமானம் நாளை மதியம்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. இன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து வைப்பது. கருகிய பானையைத் தூக்கிப் போடக் கூடாது. ஜன்னல் போர்வையையும் கழற்றக் கூடாது. அக்கா இரண்டையும் பார்க்க வேண்டும்.

2. போகும் வழியில் ஆலையில் இறங்கி மூன்றாம் லைன் ஜம்பரைக் கழற்றுவது. லைன் நிற்கட்டும்.

3. டாக்டரைக் கூப்பிட்டு முதல் அடியின் தேதியைச் சொல்வது: ஜூலை 27. வாந்தி, வெளிச்சம், அரிசி, மூன்றும். நான் காட்டிய இரண்டு விரலும்.

4. கவுண்டி போர்டு விசாரித்தால் ஃபெர்கலின் பெயரை முதலில் சொல்லாதிருப்பது. யோசனை என்னுடையது.

5. விமான நிலையத்தில், அக்காவின் கையிலிருந்து பெட்டியை வாங்குவதற்கு முன்னால், அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே சொல்வது: அவரை வெளியே எடுக்கக் கை தூக்க வேண்டியவன் நான். தூக்கினேன். கோல் போன பிறகு.